பல வருஷம் கழிச்சு மறுபடி பறக்க வர்றேன், முதல் விமானம் வாங்கலாமா? எது வாங்கலாம்?

பழைய_லாக்புக்:
எல்லாருக்கும் வணக்கம். பிரைவேட் பைலட் லைசன்ஸ் வாங்கி கொஞ்ச காலம் நல்லாவே பறந்தேன், அப்புறம் குழந்தைங்க, வேலை, வீட்டுக் கடன்னு ஒண்ணு மேல ஒண்ணு வந்து பறக்கறது அப்படியே நின்னு போச்சு. இப்ப பசங்க வளந்துட்டாங்க, கையில கொஞ்சம் காசும் நேரமும் இருக்கு, தலைக்கு மேல சின்ன விமானம் சத்தம் கேட்டா இன்னமும் நின்னு அண்ணாந்து பாக்காம போக முடியல. அதனால திரும்ப வரணும்னு முடிவு பண்ணிட்டேன்.

கேள்வி என்னன்னா, வாடகைக்கு எடுத்து பறக்கறதா இல்ல நேரா சொந்தமா ஒண்ணு வாங்கி அதுலயே பழகிக்கறதா? லிஸ்ட்ல மூணு வச்சிருக்கேன், செஸ்னா 150, செஸ்னா 172, பைப்பர் செரோக்கி 140. பெரும்பாலும் நான் மட்டும், சில சமயம் மனைவியும் வருவாங்க, எப்பவாச்சும் பசங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு ஒரு ரெண்டு மணி நேர தூரம் போய்ட்டு வரணும். ஒரு விளம்பரம் பார்த்தேன், 1978 மாடல் 172என், என்ஜின் ஓவரால் (மொத்தமா பிரிச்சு புதுப்பிக்கறது) பண்ணி 340 மணி நேரம்தான் ஓடியிருக்காம், பெயின்ட் புதுசு, உள்ள சீட்டெல்லாம் புதுசு. ஓவரால் நடந்து 20 வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு ஓனர் சொல்றார். டிபிஓ, அதாவது ஒரு ஓவராலுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஓடலாம்னு சொல்ற அளவு, 2000 மணி நேரம், அதுல 340 தான் போயிருக்குன்னா என்ஜின் கிட்டத்தட்ட புதுசுதானே? யாராச்சும் அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

வலதுசீட்:
வாங்க சார், திரும்பி வர்றது ரொம்ப சந்தோஷம். நான் இன்ஸ்ட்ரக்டர், உங்கள மாதிரி இடைவெளி விட்டு வர்றவங்க கூட நிறைய உக்காந்திருக்கேன், அதனால விமானத்த விட்டுட்டு உங்களப் பத்தி முதல்ல பேசறேன்.

முதல் வேலை மெடிக்கல். விமானம் பாக்கறதுக்கு முன்னாடி, வாடகைக்கு போறதுக்கு முன்னாடி, மெடிக்கல் கிளியர் ஆகுமான்னு டாக்டர்கிட்ட பேசிடுங்க. இந்த இடைப்பட்ட வருஷத்துல பிரஷர் மாத்திரை, தூக்கத்துல மூச்சுத்திணறல், வேற ஏதாச்சும் புதுசா வந்திருந்தா அதுக்கு பேப்பர் சேத்து குடுக்கவே மாசக்கணக்குல ஆகலாம். விமானம் வாங்கி நிறுத்திட்டு மெடிக்கலுக்கு காத்திருக்கறது விமானத்துக்கும் கெடுதல், உங்களுக்கும் கெடுதல்.

ரெண்டாவது, கை மறக்காது, தலைதான் மறக்கும். திரும்பி வர்றவங்க லெவலா பறக்கறது, திரும்பறது எல்லாம் சீக்கிரம் புடிச்சிடுவாங்க. ஆனா ரேடியோல கன்ட்ரோலர் ஒரு நீள வாக்கியம் சொன்னா பாதிதான் காதுல விழும், செக்லிஸ்ட் நடுவுல விட்டுப்போகும், குறுக்குக் காத்துல இறங்கும்போது ஏலரான (இறக்கை முனையில அசையற தகடு) தரை தொட்டதும் விட்டுடுவாங்க, பேஸ்ல இருந்து ஃபைனல், அதாவது ரன்வேக்கு நேரா வர்ற கடைசி பாதைக்கு, திரும்பும்போது ரன்வேய தாண்டிப் போற மாதிரி இருந்தா ரடர (வால்ல இருக்கற திருப்பற தகடு) அமுக்கி மூக்க மேல இழுப்பாங்க. கடைசியா சொன்னதுதான் ஆள கொல்ற விஷயம், கீழ உயரமே இல்லாத இடத்துல ஸ்டால் ஆகி (இறக்கை தூக்கற சக்திய இழந்து) ஸ்பின்ல சுத்திக்கிட்டே கீழ போயிடும். அதனால ஸ்லோ ஃபிளைட், ஸ்டால், கோ-அரவுண்ட் (இறங்காம மறுபடி மேல ஏறறது) மூணும் அலுக்கற வரைக்கும் பண்ணணும். அமெரிக்க ரூல்ல ஃபிளைட் ரிவ்யூவுக்கு (இன்ஸ்ட்ரக்டர் பைலட்ட மறுபடி பாக்கறது) குறைஞ்சது ஒரு மணி நேரம் தரையில, ஒரு மணி நேரம் வானத்துலன்னு இருக்கு, பல வருஷ இடைவெளிக்கு அது சுத்தமா போதாது.

நீங்க பறந்த காலத்துக்கும் இப்பவுக்கும் காக்பிட்டே மாறிடுச்சு. டேப்லெட்ல மேப், மத்த விமானம் எங்க இருக்குன்னு காட்டற ஏடிஎஸ்-பி, ஜிபிஎஸ் அப்ரோச், சத்தம் குறைக்கற ஹெட்செட். எல்லாம் நல்லதுதான், ஆனா ஆரம்பத்துல கண்ண உள்ளயே இழுத்து வச்சிக்கும். முதல் சில ஃபிளைட் டேப்லெட்ட பையில போட்டு வைக்கச் சொல்லுவேன்.

என் கருத்து, முதல்ல வாடகைக்கு எடுத்து இன்ஸ்ட்ரக்டரோட பறங்க, ரெண்டு மூணு வகை ஓட்டிப் பாருங்க, அப்புறம் வாங்கற பேச்சு.

உயரஇறக்கை:
வலதுசீட் அண்ணா சொன்னதுல பாதிக்கு ஒத்துக்கறேன், பாதிக்கு இல்ல. வாடகை விமானத்துக்கு காத்திருந்தே நிறைய பேர் மறுபடி விட்டுட்டுப் போயிடறாங்க. சனிக்கிழமை காலையில வானம் தெளிவா இருக்கும், விமானம் மெயின்டனன்ஸ்ல இருக்கும், இல்ல வேற யாரோ எடுத்திருப்பாங்க, அடுத்த வாரம் மழை. இந்த மாதிரி நாலு தடவ நடந்தா ஆர்வம் போயிடும். சொந்தமா இருந்தா வேலை முடிஞ்சு சாயங்காலம் அரை மணி நேரம் ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டு வரலாம், கை அப்படித்தான் திரும்ப வரும்.

நான் 150 வச்சிருக்கேன். கான்டினென்டல் ஓ-200, 100 குதிரை சக்தி, மணிக்கு 22 லிட்டர் கிட்டதான் குடிக்கும், 95 நாட் (மணிக்கு சுமார் 176 கிமீ) வரும். 1977-ல இருந்து 1985 வரைக்கும் வந்த 152-ல லைகோமிங் ஓ-235, 110 குதிரை சக்தி, மத்தபடி ரெண்டும் அண்ணன் தம்பிதான். ஆயிரக்கணக்குல செஞ்சதால பார்ட்ஸ் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் தெரியும், இன்சூரன்ஸ் குறைவு. ஒரு விஷயம் ஞாபகம் வச்சிக்கங்க, ஓ-200-க்கு கார்புரேட்டர்ல ஐஸ் புடிக்கற பழக்கம் அதிகம், ஈரமான நாள்னா வெளிய 20 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் புடிக்கும். பவர் குறைக்கறதுக்கு முன்னாடியே கார்ப் ஹீட்ட (கார்புரேட்டருக்கு சூடான காத்து விடற குமிழ) இழுக்கற பழக்கம் கையில இருக்கணும்.

பெரும்பாலும் தனியாத்தான் பறக்கப் போறீங்கன்னா ஏன் நாலு சீட்ட சுமந்துட்டு போகணும்?

செரோக்கி_காரன்:
சீட்ட எண்ணாதீங்க, எடைய எண்ணுங்க. 150-க்கு மொத்த எடை 1600 பவுண்டு. காலி எடை 1100 பக்கத்துல வரும், ரேடியோ எல்லாம் போட்டு இன்னும் ஏறியிருக்கும். மிச்சம் 500. டேங்க் ஃபுல் பண்ணா உபயோகமாகற 22.5 கேலன், கேலனுக்கு 6 பவுண்டுன்னா 135 பவுண்டு. அப்ப மனுஷனுக்கும் பைக்கும் சேத்து 365 பவுண்டு, அதாவது 165 கிலோ. சார் 90 கிலோ, மனைவி 70 கிலோன்னா பையி வைக்க 5 கிலோதான் மிச்சம். வெயில் நாள்ல உயரமான ஏர்போர்ட்ல ஏறும்போது அந்த 100 குதிரை சக்திய நினைச்சுப் பாருங்க. தனியா சுத்தறதுக்கு 150 தங்கம், மனைவி அடிக்கடி வருவாங்கன்னா நெருக்கும்.

செரோக்கி 140-ல மொத்த எடை 2150, காலி எடை 1250 பக்கம்னு வச்சிக்கிட்டா 900 தூக்கும். டேங்க் ரெண்டும் சேத்து 50 கேலன், ஆனா ஒவ்வொரு டேங்க்குள்ளயும் ஒரு தகடு நீட்டிட்டு இருக்கும், அது வரைக்கும் நிரப்பினா 36 கேலன். பெரும்பாலான பயணத்துக்கு அதுவே தாராளம், மிச்ச எடைக்கு ஆள ஏத்திக்கலாம். ஆனா பின் சீட்டு சின்னப் பசங்களுக்குத்தான், வளந்த பசங்கன்னா முழங்கால் இடிக்கும்.

செஸ்னால இருந்து வர்றவங்களுக்கு ரெண்டு விஷயம் புதுசா இருக்கும். ஒண்ணு, ஒரே கதவு, அதுவும் வலது பக்கம், பைலட்தான் முதல்ல ஏறணும், கடைசியா இறங்கணும். ரெண்டு, ஃப்யூல் செலக்டர்ல ரெண்டு டேங்க்கும் சேத்து வைக்கற நிலை கிடையாது, இடது இல்ல வலது, அரை மணிக்கு ஒரு தடவ நீங்கதான் மாத்தணும். மறந்தா ஒரு டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போதே என்ஜின் நிக்கும். மத்தபடி ரொம்ப சாதுவான விமானம், ஸ்டால் ஆகும்போதுகூட தலைய ஆட்டிட்டு கீழ இறங்கும், அவ்ளோதான். பவர மொத்தமா எடுத்துட்டா மட்டும் அந்த குட்டையான தடிச்ச இறக்கை வேகமா கீழ வரும், ஃபைனல்ல கொஞ்சம் பவர் வச்சிருங்க.

ரெஞ்ச்_கையில்:
சார், அந்த 340 மணி நேர என்ஜின் பத்திதான் நான் பேசணும். இதுல அவசரப்பட வேணாம்.

20 வருஷத்துல 340 மணி நேரம்னா வருஷத்துக்கு 17 மணி நேரம். அதுவும் சமமா ஓடியிருக்காது, ஆரம்பத்துல ரெண்டு வருஷம் நல்லா ஓடி அப்புறம் வருஷக்கணக்குல நின்னிருக்கும். டிபிஓங்கறது மணி நேரம் மட்டும் இல்ல, அந்த 172 என்ஜின செய்யற லைகோமிங், டிபிஓ சொல்ற அதே அறிக்கையில 12 வருஷம்னும் சொல்றாங்க. எது முதல்ல வருதோ அது. தனியார் ஓனருக்கு அது கட்டாயம் இல்லதான், ஆனா ஏன் சொல்றாங்கன்னு புரிஞ்சிக்கணும்.

லைகோமிங் என்ஜின்ல வால்வ தொறக்கற கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேல, கேஸோட உச்சியில இருக்கு. என்ஜின் நின்னதும் எண்ணெய் எல்லாம் கீழ வடிஞ்சு கேம் காஞ்சு போய் நிக்கும். ஓடும்போது எரிஞ்ச வாயு கொஞ்சம் ரிங்க தாண்டி உள்ள வருது இல்ல, அதுல தண்ணி ஆவியும் ஆசிட்டும் இருக்கும், அது ஆறி கேம் லோப் (கேம்ல புடைச்சிருக்கற பகுதி) மேல படியும், துரு புடிக்கும். ஊசி முனை அளவு துருதான். அடுத்த தடவ ஸ்டார்ட் பண்ணும்போது கேம் தள்ளற டேப்பெட் அந்த துரு மேல அழுத்தி உரசும், மேல இருக்கற கடினமான தோல் பேந்து வரும், அப்புறம் அந்த உலோகத்தூள் எண்ணெயோட என்ஜின் பூரா சுத்தும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. கம்ப்ரெஷன் அருமையா இருக்கும், ஸ்டார்ட் ஒரே சுத்துல ஆகும். தெரிய வரும்போது என்ஜின பிரிக்கணும், கேஸ பிளக்கணும், மொத்த ஓவரால் செலவு உங்க தலையில.

இதே 1800 மணி நேரம் ஓடின என்ஜின், வாரா வாரம் பறந்தது, எண்ணெய் 50 மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தினது, ஃபில்டர அறுத்து பாத்து எழுதி வச்சது, விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி கம்மி. கேட்டா நான் இதைத்தான் வாங்கச் சொல்லுவேன். நீங்க ஓவரால் செலவு வரும்னு தெரிஞ்சே வாங்கறீங்க. அந்த 340-ல புது என்ஜின் விலைய குடுத்துட்டு பழைய என்ஜின வாங்குவீங்க.

இன்னொண்ணு, 1978 172என்-னா உள்ள இருக்கறது ஓ-320-எச்2ஏடி. இந்த எச்2ஏடி-க்கு கேம், டேப்பெட் தேயறதுல பழைய பேர் உண்டு, லைகோமிங் அப்புறம் நிறைய மாத்தினாங்க, எண்ணெய்ல ஒரு அடிட்டிவ் போட்டே ஆகணும்னு ஏடி-யும் (விமானத்துறை போடற கட்டாய உத்தரவு) வந்துச்சு. தீப்பொறிக்கு மின்சாரம் தர்ற ரெண்டு மேக்னெட்டோவும் ஒரே டிரைவ்ல ஓடற டிசைன் வேற. ஒழுங்கா பறந்துட்டே இருந்தா அந்த என்ஜினும் டிபிஓ தாண்டி ஓடுது, நானே பாத்திருக்கேன். ஆனா நிறுத்தி வச்ச எச்2ஏடி-ங்கறது எனக்கு பயம் தர்ற விஷயம்.

பழைய_லாக்புக்:
ரொம்ப நன்றி சார், இத யாருமே இவ்ளோ தெளிவா சொல்லல. ஆனா ஓனர் ஒண்ணு சொன்னார், பறக்காட்டியும் மாசம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடுவேன்னு. அது என்ஜின காப்பாத்தியிருக்காதா?

ரெஞ்ச்_கையில்:
அது இன்னும் மோசம் சார். தரையில பத்து நிமிஷம் ஓடினா எண்ணெய் சூடாகவே ஆகாது. எரியறதுல வர்ற தண்ணி மட்டும் உள்ள சேரும், ஆவியாகி வெளிய போகறதுக்கு வேண்டிய சூடு கிடைக்காது. எண்ணெய் 80 டிகிரி செல்சியஸ் தாண்டி அரை மணி நேரம், முக்கா மணி நேரம் நிக்கணும், அது வானத்துலதான் நடக்கும். பறக்க முடியலன்னா தொடாம விடறது மேல், நீண்ட நாள் நிறுத்தணும்னா பாதுகாப்பு எண்ணெய் ஊத்தி, ஸ்பார்க் பிளக் இடத்துல ஈரம் உறிஞ்சற பிளக் போட்டு முறையா மூடி வைக்கணும்.

அந்த விமானத்த விடவே மனசில்லன்னா ஓனர்கிட்ட ஒண்ணு கேளுங்க, ஒரு சிலிண்டர கழட்டி கேம பாக்க விடுவாரான்னு. செலவ நீங்க ஏத்துக்கறேன்னு சொல்லுங்க. அந்த ஓட்டை வழியா லோப நேர்ல பாக்கலாம். சுத்தமா இருந்தா என் பேச்ச வாபஸ் வாங்கிக்கறேன்.

அரைப்பங்கு:
நான் ஒரு பைப்பர் வார்ரியர்ல பாதி பங்கு வச்சிருக்கேன், இன்னொரு பாதி என் கூட வேலை பாக்கறவங்க. இங்க யாரும் பங்கு பத்தி பேசல, அதனால சொல்றேன். விமானத்துல செலவு ரெண்டு வகை. ஒண்ணு நீங்க பறந்தாலும் பறக்காட்டியும் ஓடற மீட்டர், ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ், வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷன். இன்னொண்ணு பறந்தா மட்டும், பெட்ரோல், எண்ணெய், என்ஜினுக்கு ஒதுக்கற காசு. முதல் வகைதான் பெருசு, அது அப்படியே பாதியாயிடும். வருஷத்துக்கு 100 மணி நேரம் பறந்தாத்தான் சொந்த விமானம் வாடகைய விட கட்டுப்படியாகும்னு பைலட்டுங்க பொதுவா ஒரு கணக்கு சொல்லுவாங்க, வேலைக்குப் போற ஒருத்தரால அத்தன மணி நேரம் பறக்க முடியறதே கஷ்டம். ரெண்டு பேர் பறந்தா என்ஜினும் சும்மா நிக்காது, ரெஞ்ச் சார் சொன்ன துரு பிரச்சினைக்கு அதுவே மருந்து.

ஆனா எழுதி வச்சிக்கணும். யாராச்சும் விலகினா பங்க எப்படி மதிப்பு போடறது, ரிப்பேர் வந்தா யார் முடிவு எடுக்கறது, ஒருத்தர் இடிச்சுட்டா இன்சூரன்ஸ்ல கழியற தொகைய யார் கட்டறது, எல்லாமே நட்பு நல்லா இருக்கும்போதே எழுதிடணும்.

அப்புறம் அண்ணா, விமானம் தேடறதுக்கு முன்னாடி ஹேங்கர் தேடுங்க. நிறைய ஏர்போர்ட்ல வெயிட்டிங் லிஸ்ட் வருஷக்கணக்குல இருக்கு. இன்சூரன்ஸ்காரர்கிட்டயும் முன்னாடியே பேசுங்க, உங்க மணி நேரம், இடைவெளி, நினைக்கற மாடல் மூணையும் சொல்லி கேளுங்க. மாடல மாத்தினா தொகை எவ்ளோ மாறுதுன்னு பாத்தாலே பாதி முடிவு தானா வந்துடும்.

வேகம்_வேணும்:
எல்லாரும் 110 நாட்லயே நிக்கறீங்களே. வாங்கறதே வாங்கறோம், ஒரு மூனி வாங்கினா என்ன? எம்20ஜே-ல 200 குதிரை சக்திக்கே 155 நாட் வரும், அதே பெட்ரோல்ல அதிக தூரம். ரெண்டு வருஷத்துல 172 போர் அடிச்சு விக்கத்தான் போறார், ரெண்டு தடவ வாங்கி விக்கற செலவு மிச்சம்.

வலதுசீட்:
மூனி நல்ல விமானம், நானும் ரசிச்சு ஓட்டியிருக்கேன். ஆனா இப்ப இவருக்கு வேணாம். சக்கரம் மடங்கற விமானத்துக்கு அந்த வகையில இத்தன மணி நேரம் இருக்கணும்னு இன்சூரன்ஸ்காரங்க கேப்பாங்க, இல்லன்னா தொகை ஏறும். மூனி இறங்கும்போது அஞ்சு நாட் அதிகமா வந்தாலும் மிதந்துட்டே போகும், அத வலுக்கட்டாயமா தரையில வைக்கப் போய் புரொப்பெல்லர இடிச்சவங்க இருக்காங்க. திரும்பி வர்ற பைலட்டுக்கு முதல் வருஷம் தப்பு பொறுக்கற விமானம் வேணும். வேகம் வேணும்னா சக்கரம் மடங்காம கிரம்மன் டைகர் இருக்கு, 180 குதிரை சக்தியில 135 நாட் வரைக்கும் வரும், ஆனா நல்லதா கிடைக்கறது அரிது.

ரெண்டு மணி நேர தூரம்னு சொன்னார். 220 கடல் மைல் தூரத்துக்கு 110 நாட்ல ரெண்டு மணி நேரம், 155 நாட்ல ஒரு மணி 25 நிமிஷம். மிச்சம் ஆகறது அந்த 35 நிமிஷம். அதுவும் வருஷத்துல எப்பவாச்சும்.

பழைய_லாக்புக்:
அப்டேட் சொல்றேன். மெடிக்கல் முடிஞ்சது. வாடகை 172-ல இன்ஸ்ட்ரக்டரோட பறந்துட்டு இருக்கேன், வலதுசீட் சார் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை, லேண்டிங் சீக்கிரம் வந்துடுச்சு, ரேடியோதான் இன்னும் தடுமாற்றம்.

அந்த 172என் ஓனர்கிட்ட லாக்புக் கேட்டேன், பக்கம் பக்கமா போட்டோ அனுப்பினார், நேர்மையான மனுஷன். டாக் மீட்டர் (என்ஜின் ஓடின நேரம் காட்டறது) நம்பர மட்டும் வரிசையா ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்தேன். ஓவராலுக்கு அப்புறம் மூணு வருஷம் நல்லா ஓடியிருக்கு, அப்புறம் ஒரு வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷனுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 2 மணி நேரம், 3 மணி நேரம், ஒரு வருஷம் ஒண்ணுமே இல்ல. சிலிண்டர் கழட்டறதுக்கு அவருக்கு மனசு வரல, நானும் வற்புறுத்தல. விட்டுட்டேன்.

150 எடைக் கணக்கு பாத்ததும் மனைவியே வேணாம்னுட்டாங்க. இப்ப ஒரு பைப்பர் வார்ரியர் 161 வந்திருக்கு, ஓ-320-டி3ஜி, ஓவராலுக்கு அப்புறம் 1450 மணி நேரம், வருஷத்துக்கு 90, 100 மணி நேரம் தொடர்ந்து பறந்திருக்கு. பெயின்ட் மங்கிப் போச்சு, சீட் கிழிஞ்சிருக்கு, ரேடியோ பழசு. ஆரம்பத்துல சில வருஷம் ஃபிளையிங் ஸ்கூல்ல இருந்திருக்கு. ப்ரீபை (வாங்கறதுக்கு முன்னாடி பண்ற) இன்ஸ்பெக்‌ஷன்ல எதெல்லாம் பாக்கணும்னு சொல்லுங்க.

ரெஞ்ச்_கையில்:
அந்த டாக் நம்பர வரிசையா எழுதிப் பாத்தது பாருங்க, அதுதான் வேலை. பெயின்ட்டும் சீட்டும் பின்னாடி எப்ப வேணா பண்ணிக்கலாம்.

முதல் விதி, அந்த விமானத்த இதுவரைக்கும் பாத்துட்டு வந்த மெக்கானிக்க வச்சு ப்ரீபை பண்ணாதீங்க. அவர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும் தன் கையெழுத்த தானே கேள்வி கேக்க முடியாது. பைப்பர் நல்லா தெரிஞ்ச வேற ஆள் வேணும். முன்பணம் குடுத்தா, ப்ரீபை-ல திருப்தி இல்லன்னா திருப்பித் தரணும்னு எழுதி வாங்கிக்கங்க.

பறந்து வந்து என்ஜின் சூடா இருக்கும்போதே கம்ப்ரெஷன் பாக்கணும். 80 பிஎஸ்ஐ காத்த உள்ள விட்டு எவ்ளோ நிக்குதுன்னு பாப்பாங்க. 70-க்கு மேல நல்லா இருக்கு, ஆனா நம்பர விட காத்து எந்த வழியா போகுதுங்கறதுதான் சேதி. எண்ணெய் ஊத்தற குழாய்ல காத வச்சு கேட்டா உஸ்ஸுன்னா ரிங், எக்ஸாஸ்ட் பைப்ல கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம்னா இன்டேக் வால்வு. அப்புறம் போரோஸ்கோப்ப (குட்டி கேமரா) உள்ள விட்டு ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்க. நல்ல வால்வு முகத்துல செம்பழுப்பு நிறம் நடுவுல இருந்து வட்டம் வட்டமா ஒரே சீரா இருக்கும். ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் பச்சையாவோ வெளுத்தோ பிறை மாதிரி தெரிஞ்சா அந்த இடம் அதிகம் சூடாகுதுன்னு அர்த்தம். எண்ணெய் ஃபில்டர அறுத்து மடிப்ப விரிச்சு வெளிச்சத்துல பாக்கணும், காந்தம் வச்சு பாக்கணும்.

அடுத்தது துரு. வாலுக்குள்ள, பேட்டரி பெட்டிக்குக் கீழ, இறக்கை உடம்போட சேர்ற இடம், டேங்க்குக்குப் பின்னாடி ஸ்பார் (இறக்கைய தாங்கற முதுகெலும்பு). எலி கூடு கட்டியிருந்தா அதோட மூத்திரம் அலுமினியத்த அரிச்சிருக்கும். ரிவெட்டுக்குப் பின்னாடி கருப்பா புகை ஓடின மாதிரி கோடு இருந்தா அந்த ரிவெட் ஆடுதுன்னு அர்த்தம். மூக்குச் சக்கரத்துக்கு மேல, என்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவுல இருக்கற ஃபயர்வால்ல, கீழ்ப்பக்கமா டார்ச் அடிச்சு சாய்வா பாருங்க, தகடு சுருங்கி அலை அலையா இருந்தா யாரோ மூக்கால இறக்கியிருக்காங்க, லாக்புக்ல அது எழுதியிருக்கான்னு தேடுங்க.

ஃபிளையிங் ஸ்கூல்ல இருந்ததுன்னு சொன்னீங்களே, அத லேசா விடாதீங்க. 2018-ல ஒரு பயிற்சி பைப்பர்ல இறக்கை வானத்துலயே பிரிஞ்சு ரெண்டு பேர் இறந்தாங்க, செரோக்கி, வார்ரியர் எல்லாம் சேர்ந்த பிஏ-28 குடும்பம்தான், ஸ்பார்ல போல்ட் போற ஓட்டையில களைப்பு விரிசல். அதுக்கப்புறம் 2021-ல அமெரிக்க விமானத்துறை எஃப்ஏஏ கொண்டு வந்த ஏடி-ல அந்த போல்ட் ஓட்டைய எடி கரன்ட் (மின்காந்தத்தால விரிசல் தேடற முறை) வச்சு சோதிக்கணும்னு இருக்கு. எந்த விமானத்துக்கு எப்பங்கறது மொத்த மணி நேரத்தையும், அதுல எத்தன 100 மணி நேர இன்ஸ்பெக்‌ஷன் நடந்ததுங்கறதையும் வச்சு ஒரு கணக்கு. ஸ்கூல் விமானத்துக்கு அந்த கணக்கு சீக்கிரம் ஏறும். பண்ணியாச்சா, ரிசல்ட் என்ன, லாக்புக்ல கையெழுத்தோட இருக்கான்னு பாருங்க. இல்லன்னா வாங்கறதுக்கு முன்னாடி ஓனர் பண்ணித் தரணும், இதுல மட்டும் தயவு தாட்சண்யமே வேணாம்.

உயரஇறக்கை:
மனைவி வேணாம்னுட்டாங்கன்னா 150 பேச்சுக்கு இடமே இல்ல. வார்ரியர் நல்ல தேர்வு. அந்த பழைய செரோக்கி இறக்கைய மாத்தி 1974-ல வார்ரியர்ல நீளமான, முனை குறுகின இறக்கை கொண்டு வந்தாங்க, இறங்கும்போது நல்லா மிதக்கும், செரோக்கி_காரன் சொன்ன அந்த வேகமா விழற குணம் இதுல குறைவு.

பழைய_லாக்புக்:
ப்ரீபை முடிஞ்சது. ஸ்பார் சோதனை ஏற்கனவே நடந்திருக்கு, விரிசல் இல்லன்னு லாக்புக்ல இருக்கு. கம்ப்ரெஷன் 76, 74, 62, 75. மூணாவது சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் பைப் பக்கம் காத்து சத்தம் கேட்டுச்சு, போரோஸ்கோப்ல அந்த வால்வு ஓரத்துல ரெஞ்ச் சார் சொன்ன அதே பிறை, நானே ஸ்கிரீன்ல பாத்தேன். ஃபில்டர் சுத்தம். வாலுக்குள்ள லேசா துரு, மேலோட்டம்தான்னு மெக்கானிக் சொல்றார். ஓனர் அந்த சிலிண்டர் வேலைக்கு ஆகற தொகைய விலையில குறைக்கறேன்னு சொல்றார். இது விட்டுட்டு போற விஷயமா, இல்ல வாங்கலாமா?

ரெஞ்ச்_கையில்:
வாங்கலாம். ஒரு வால்வு ஒரு சிலிண்டரோட வேலை, கேம் மாதிரி என்ஜினயே பிளக்கற வேலை இல்ல. ஆனா விலைய குறைச்சுட்டு அப்படியே பறந்து கொண்டு போகாதீங்க, வேலைய அங்கயே முடிச்சிட்டு எடுங்க. எரிஞ்ச வால்வு ஒரு துண்டு உடைஞ்சா அந்த சிலிண்டர் போச்சு, 4 சிலிண்டர் என்ஜின்ல ஒண்ணு போனா பவர் நிறைய குறையும், அதிர்வும் பயங்கரமா இருக்கும். இன்னொண்ணு, அந்த சிலிண்டர் கழட்டியிருக்கும்போது மறக்காம கேம் லோபையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்க, அந்த 172-ல கேட்டும் கிடைக்காதது இதுல சும்மாவே கிடைக்குது. போட்டோவ இங்க போடுங்க, நானும் பாக்கறேன்.

அரைப்பங்கு:
வாழ்த்துகள் அண்ணா, பக்கத்து ஹேங்கர்காரங்ககிட்ட பேச்சு குடுங்க, பங்குக்கு ஆள் அங்கயே கிடைப்பாங்க. வித்தவர் பேர்ல கடன் ஏதாச்சும் விமானத்து மேல பதிவாகியிருக்கான்னும் தேடிடுங்க, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அது கடைசி நாள்லதான் தெரிய வந்துச்சு.

வலதுசீட்:
வீட்டுக்கு கொண்டு வர்ற ஃபிளைட்ட தனியா பண்ணாதீங்க சார். புது விமானம், புது டேங்க் சுவிட்ச், இப்பதான் ரிப்பேர் முடிஞ்ச என்ஜின், அறிமுகம் இல்லாத ரூட், எப்படியாச்சும் இன்னைக்கே போய்ச் சேரணும்ங்கற அவசரம், அஞ்சும் ஒரே நாள்ல சேருது. வார்ரியர் தெரிஞ்ச இன்ஸ்ட்ரக்டர கூட்டிட்டுப் போங்க, வானம் சரியில்லன்னா ஒரு ராத்திரி தங்கற மாதிரி பையோட போங்க.

ரெஞ்ச்_கையில்:
அதோட இதையும் சேத்துக்கங்க. சிலிண்டர் வேலை முடிஞ்சதும் முதல் ஒரு மணி நேரம் அந்த ஏர்போர்ட்டுக்கு மேலயே உயரத்துல சுத்துங்க, எந்த நிமிஷமும் சறுக்கியே ரன்வேக்கு வர்ற தூரத்துல. புது ரிங் போட்டிருந்தா தரையில ரொம்ப நேரம் ஓட விடாதீங்க, மேல போய் 75 சதவீத பவர்ல வச்சு ஓட்டுங்க, அப்பத்தான் ரிங் சுவரோட உக்காரும். இறங்கி கவுலிங்க (என்ஜின் மூடி) கழட்டி எண்ணெய் கசியுதா, பெட்ரோல் நீலக் கறை எங்கயாச்சும் இருக்கா, எக்ஸாஸ்ட் ஜாயின்ட்ல வெள்ளைத் தூள் இருக்கான்னு பாருங்க, எண்ணெய் அளவ எழுதி வச்சிக்கங்க. எல்லாம் சரின்னா மூடிட்டு கிளம்புங்க. பாதி வழியில ஒரு ஏர்போர்ட்ல இறங்கி மறுபடி டிப்ஸ்டிக்க பாருங்க, அதுக்குள்ள முக்கா லிட்டருக்கு மேல குறைஞ்சிருந்தா அங்கயே நிறுத்திட்டு எனக்கு எழுதுங்க.